அரசு வெளியீடுகளைத் திறந்த உரிமத்தில் தரச் செய்வது எப்படி? – ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ்நாட்டு அரசுத் துறைகளின் இணையதளங்களில் பயிர்க் கையேடுகள், நலவாழ்வுத் துண்டறிக்கைகள், கலைச்சொற் பட்டியல்கள், தொல்லியல் ஒளிப்படங்கள், புள்ளிவிவர ஏடுகள் என ஏராளமானவை இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் படிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ஆனால் ஓர் ஆசிரியர் அந்தக் கையேட்டின் சில பக்கங்களைத் தம் மாணவர்களுக்கு ஏற்ப மாற்றி எழுதி அச்சிடவோ, ஒரு விக்கிப்பீடியர் அந்த ஒளிப்படத்தைக் கட்டுரையில் சேர்க்கவோ, ஒரு சிறு நிறுவனம் அந்தக் கலைச்சொற்களைத் தன் செயலியில் பயன்படுத்தவோ முனையும்போது பதிப்புரிமை குறுக்கே வருகிறது. இலவசமாகக் கிடைப்பது வேறு, மறுபயன்பாட்டுக்கு உரிமத்தோடு கிடைப்பது வேறு. யாரும் தனித்தனியே அனுமதி கேட்காமல் ஓர் ஆக்கத்தைப் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அதன் உரிமையாளர் முன்கூட்டியே எழுத்தில் தரும் இசைவே திறந்த உரிமம்.

இந்த நிலையை மாற்ற விரும்புவோர் பலரும் கையெழுத்து இயக்கம், திறந்த மடல், கருத்தரங்கம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றனர். அலுவலகங்களின் நடைமுறையை அறிந்தவர்கள் வேறொன்றைச் சொல்வார்கள். அதிகாரிகள் திறந்த உரிமத்தை எதிர்ப்பது குறைவு. அவர்கள் ஒப்பமிடத் தகுந்த வடிவில் ஒரு கோப்பு அவர்களுடைய மேசைக்கு வருவதே இல்லை. ஆகவே அந்தக் கோப்பு உருவாக வெளியிலிருந்து என்னென்ன செய்ய வேண்டும் என்பதையே இவ்வழிகாட்டி படிப்படியாக விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழ்நாட்டையும் இந்தியச் சட்டத்தையும் சார்ந்தவை.

முதற்படி: ஒரே ஒரு வெளியீட்டைத் தேர்ந்தெடுங்கள்

“அரசின் எல்லா ஆக்கங்களையும் திறந்த உரிமத்தில் வெளியிட வேண்டும்” என்று கேட்டால், அந்தக் கோரிக்கைக்குப் பதில் எழுத வேண்டிய துறை எது என்பதே யாருக்கும் தெரியாது. ஒரு துறை, ஒரு வெளியீடு, ஒரு பதிப்பு என்று குறுக்கிக் கேட்க வேண்டும். தேர்ந்தெடுக்கும் வெளியீடு துறையின் சொந்தப் பணியாளர்கள் எழுதியதாகவும், விற்பனைக்கு வராததாகவும், தனிநபர் விவரங்கள் இல்லாததாகவும், வெளியே யாரேனும் உடனே பயன்படுத்தக் காத்திருப்பதாகவும் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். கலைச்சொற் பட்டியல் இதற்கு மிகப் பொருத்தமானது. பள்ளிப் பாடநூல் இதற்கு நேர் எதிரானது. அதன் பயன் பெரிது என்றாலும், காரணங்களை மூன்றாம் படியில் காணலாம், அதை முதல் முயற்சியாக எடுக்கக் கூடாது.

தேர்ந்தெடுத்த பின், அத்துறையின் இணையதளத்தில் அடிப்பகுதியில் உள்ள ‘பதிப்புரிமைக் கொள்கை’ என்னும் பக்கத்தைத் திறந்து சொல் சொல்லாகப் படியுங்கள். இந்தியாவின் மத்திய, மாநில அரசுத் தளங்கள் பலவற்றிலும் ஏறத்தாழ ஒரே வாசகம்தான் இருக்கும். தளத்திலுள்ளவற்றை மின்னஞ்சல் அனுப்பி உரிய அனுமதி பெற்ற பின் கட்டணமின்றி மறுபதிப்புச் செய்யலாம். அவற்றைத் துல்லியமாக எடுத்தாள வேண்டும். இழிவுபடுத்தும் வகையிலோ தவறான பொருள் தரும் சூழலிலோ பயன்படுத்தக் கூடாது. மூலத்தைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். மூன்றாம் தரப்பினருக்குப் பதிப்புரிமை உள்ளவற்றுக்கு இந்த அனுமதி பொருந்தாது என்பதே அதன் சாரம்.

இந்த வாசகத்தின் கடைசி இரண்டு நிபந்தனைகள் திறந்த உரிமங்களிலும் உள்ளவையே. சிக்கல் முதல் மூன்றில் இருக்கிறது. ‘அனுமதி பெற்ற பின்’ என்பதால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையும் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது, அந்த மின்னஞ்சலைப் பார்த்துப் பதில் எழுதுவது எந்த இருக்கையின் வேலை என்பதும் பெரும்பாலும் வரையறுக்கப்படுவதில்லை. ‘துல்லியமாக’ என்பதை மொழிபெயர்ப்புக்கும் சுருக்கத்துக்கும் தடை என்று பொருள்கொள்ள இடமிருக்கிறது. ‘இழிவுபடுத்தும் வகையில்’ என்பதற்கு வரையறையே இல்லாததால் துறையைக் குறைகூறும் கட்டுரையில் அதன் அட்டவணையை எடுத்தாள்வதுகூட மீறல் ஆகுமோ என்ற ஐயம் எழுகிறது. உங்கள் கோரிக்கை மடலில் இந்த மூன்றையும் சுட்டிக்காட்டினால், துறையின் கொள்கையைத் தலைகீழாக்கச் சொல்லவில்லை, இருக்கும் கொள்கையில் மூன்று தொடர்களைத் திருத்தச் சொல்கிறீர்கள் என்பது படிப்பவருக்கு விளங்கும்.

இரண்டாம் படி: சட்டம் ஏற்கெனவே தந்திருப்பதைக் கேட்காதீர்கள்

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2(k) கூறில் உள்ள ‘அரசு ஆக்கம்’ என்ற வரையறை, அரசோ அதன் துறையோ, சட்டமன்றமோ, நீதிமன்றமோ உருவாக்கிய அல்லது அவற்றின் பணிப்பில் உருவான ஆக்கங்களைக் குறிக்கிறது. மாற்று ஒப்பந்தம் எதுவும் இல்லையெனில் அவற்றின் முதல் உரிமையாளர் அரசே என்று 17-ஆம் பிரிவு கூறுகிறது. 28-ஆம் பிரிவின்படி அந்த உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். ஆகவே 1960-இல் வெளியான ஓர் அரசு அறிக்கை 2021 சனவரி 1 முதல் பொதுவுடைமை, அதாவது பதிப்புரிமை இன்றி யாரும் பயன்படுத்தத் தக்கது. இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆங்கிலேயர் காலத்து மாவட்ட விவரச் சுவடிகளுக்கு (கெசட்டியர்) இன்றும் துறையிடம் அனுமதி கேட்டு எழுதுவோர் இருக்கிறார்கள். அப்படிக் கேட்பது, இல்லாத அதிகாரத்தை நாமே துறைக்கு வழங்குவதாகும்.

60 ஆண்டுகள் முடியாதவற்றிலும் சில விலக்குகள் உண்டு. 52-ஆம் பிரிவின்படி அரசிதழில் வெளியானவற்றையும், சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட குழு, ஆணைய அறிக்கைகளையும், நீதிமன்றத் தீர்ப்புகளையும், அரசோ நீதிமன்றமோ வெளிப்படையாகத் தடை செய்யாத வரை, மறுபதிப்புச் செய்வது மீறல் ஆகாது. சட்டங்களுக்கு மட்டும் ஒரு நிபந்தனை இருக்கிறது: அவற்றை விளக்கவுரையோடோ வேறு சொந்தச் சேர்க்கையோடோ வெளியிட வேண்டும். அரசு ஒரு சட்டத்தைக் குறிப்பிட்ட இந்திய மொழியில் மொழிபெயர்த்து வெளியிட்டிராதபோது, பிறர் அதை மொழிபெயர்க்கவும் சில நிபந்தனைகளோடு இடமுண்டு. இலங்கையில் நிலை இன்னும் எளிது. அங்கு 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்க அறிவுசார் சொத்துச் சட்டம், சட்டம், நிர்வாகம், நீதி சார்ந்த அதிகாரப்பூர்வ உரைகளையும் அவற்றின் அதிகாரப்பூர்வ மொழிபெயர்ப்புகளையும் பாதுகாப்பிலிருந்தே விலக்கிவிட்டது.

இவை போக எஞ்சுபவற்றுக்கே உரிமம் தேவை. கையேடுகள், ஒளிப்படங்கள், காணொளிகள், பயிற்சி ஏடுகள், அகராதிகள், தரவுத்தொகுப்புகள் ஆகியன இவ்வகையில் அடங்கும்.

மூன்றாம் படி: உரிமை உண்மையில் யாரிடம் இருக்கிறது என்று கண்டறியுங்கள்

கோரிக்கைகள் பெரும்பாலும் தோற்பது இந்த இடத்தில்தான். அட்டையில் அரசின் பெயர் இருப்பதாலேயே உள்ளே இருப்பவை எல்லாம் அரசுக்கு உரியவை ஆகிவிடா. ஒரு பாடநூலை எடுத்துக்கொள்ளுங்கள். பாடங்களை ஆசிரியர் குழு எழுதியிருக்கும். ஓவியங்களைத் தனிக் கலைஞர்கள் வரைந்திருப்பார்கள். சில ஒளிப்படங்கள் ஒளிப்பட நிறுவனங்களிடம் விலைக்கு வாங்கப்பட்டிருக்கும். தமிழ்ப் பாடத்தில் வாழும் கவிஞர் ஒருவரின் கவிதை இருக்கும். கவிதையை நூலில் சேர்க்கும் இசைவை மட்டுமே துறை பெற்றிருக்கக் கூடும். தான் பெறாத உரிமையைத் துறை பிறருக்கு வழங்க முடியாது. நூலை ஒரு துறை உருவாக்கி வேறொரு கழகம் அச்சிட்டு விற்கும்போது, உரிமை எந்த அமைப்பிடம் உள்ளது என்பதும் தனிக் கேள்வி; பொதுத்துறை நிறுவனங்களின் ஆக்கங்களுக்குச் சட்டத்தில் தனிக் கூறே உண்டு.

ஒப்பந்தத்தில் எழுதித் தந்தவற்றிலும் ஒரு பொறி இருக்கிறது. சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, உரிமை மாற்ற ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் அது 5 ஆண்டுகளுக்கு மட்டுமே எனவும், நிலப்பரப்பு குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டுமே எனவும் கொள்ளப்படும். வெளியாருடன் கையெழுத்தான ஒப்பந்தத்தில் “உரிமை துறையைச் சாரும்” என்ற ஒற்றை வரி மட்டும் இருந்தால், ஆறாம் ஆண்டில் துறையின் கையில் என்ன எஞ்சியிருக்கிறது என்பது கேள்விக்குரியதாகிவிடும்.

இவற்றைக் கண்டறியத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே உற்ற துணை. 10 ரூபாய் கட்டணத்தில் அனுப்பும் மனுவுக்குப் பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். கருத்துக் கேட்காமல் ஆவண நகல் கேட்பது முக்கியம். “இந்நூலைத் திறந்த உரிமத்தில் தர இயலுமா?” என்பது கருத்துக் கேள்வி, அதற்குப் பதிலளிக்க அலுவலர் கடமைப்பட்டவர் அல்லர். “இந்நூலைத் தயாரிக்கப் பிறப்பிக்கப்பட்ட ஆணையின் நகல், வெளியாருடன் செய்துகொண்ட ஒப்பந்தங்களில் பதிப்புரிமை பற்றிய கூறுகளின் நகல், கடந்த ஐந்தாண்டுகளில் இந்நூலின் மறுபதிப்பு உரிமையைப் பிறருக்கு வழங்கியதால் கிடைத்த வருவாயின் விவரம்” என்று கேட்டால் மூன்றும் ஆவணக் கேள்விகள். ஒப்பந்தத் தொகை தேவையில்லை, உரிமை பற்றிய கூறு மட்டும் போதும் என்று சேர்த்து எழுதினால், வணிக இரகசியம் என்ற காரணத்தைக் காட்டி மறுப்பதற்கான வாய்ப்பு குறையும்.

பதிப்புரிமையைக் காரணம் காட்டித் தகவலையே மறுத்தால், அதே சட்டத்தின் 9-ஆம் பிரிவை மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டுங்கள். அரசு அல்லாத ஒருவரின் பதிப்புரிமை மீறப்படும் நிலையில் மட்டுமே அப்பிரிவின்படி மறுக்கலாம். அரசு தன் சொந்தப் பதிப்புரிமையைக் காட்டி மறுக்க முடியாது.

நான்காம் படி: உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள்

புதிய உரிமம் ஒன்றைத் துறையே எழுதிக்கொள்ளலாம் என்ற எண்ணம் சட்டப் பிரிவிலிருந்து வரக்கூடும். அதை மென்மையாகத் தவிர்க்கச் சொல்லுங்கள். சொந்தமாக எழுதும் உரிமம் வேறு உரிமங்களோடு ஒத்துப்போவதில்லை. உரை, படம், காணொளி ஆகியவற்றுக்குக் உலகெங்கும் பயன்படும் ஆயத்த உரிமங்களான கிரியேட்டிவ் காமன்ஸ் (சுருக்கமாக ‘சிசி’) உரிமங்களுள் சிசி பை 4.0 பெரும்பாலும் போதுமானது. மூலத்தைக் குறிப்பிட்டால் யாரும், வணிக நோக்கத்துக்கும் சேர்த்து, பயன்படுத்தலாம், மாற்றலாம் என்பதே அதன் உள்ளடக்கம். ஆஸ்திரேலியப் புள்ளியியல் பணியகம் 2008-இன் இறுதியிலேயே தன் தள உள்ளடக்கத்துக்குச் சிசி பை உரிமத்தை ஏற்றது. உலக வங்கி 2012-இலும், ஐரோப்பிய ஆணையம் 2019-இலும் தம் ஆவணங்களுக்கு இதையே ஏற்றன. பிரிட்டனோ 2010-இல் தனக்கெனத் திறந்த அரசு உரிமத்தை வகுத்துக்கொண்டது, அதையும் சிசி பை உரிமத்தோடு இயையுமாறே வடிவமைத்தது.

தரவுக்கு, இந்திய அரசு 2017 பிப்ரவரியில் அரசிதழில் அறிவித்த இந்திய அரசுத் திறந்த தரவு உரிமம் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டின் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கையின் தொடர்ச்சியாக வந்த இவ்வுரிமம், வணிகப் பயன்பாட்டையும் மொழிபெயர்ப்பையும் வெளிப்படையாக அனுமதிக்கிறது. தனிநபர் விவரம், அரசு இலச்சினை, பிறருக்குரிய அறிவுசார் சொத்து ஆகியவற்றை வெளிப்படையாக விலக்குகிறது. இது மத்திய அரசின் கொள்கையிலிருந்து பிறந்தது என்பதால், மாநிலத் துறை ஒன்று இதைப் பின்பற்றத் தன் ஆணை ஒன்று இருப்பதே பாதுகாப்பு.

வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் ‘என்சி’, மாற்றத்தைத் தடுக்கும் ‘என்டி’ ஆகிய கூறுகளைச் சேர்க்கலாமே என்று அதிகாரிகள் கேட்பார்கள். விக்கிப்பீடியா இவ்விரண்டையும் ஏற்பதில்லை. விளம்பரம் ஏற்கும் சிற்றிதழும், கட்டணம் வாங்கும் தனிப்பயிற்சி மையமும், அச்சுச் செலவுக்கு விலை வைக்கும் தொண்டு நிறுவனமும் ‘என்சி’ முன்னால் தயங்கி நிற்கும். உலக நலவாழ்வு அமைப்பு தன் ஏடுகளை ‘என்சி’ கூறு கொண்ட உரிமத்தில் வெளியிடுகிறது. அதனால் கோவிட் காலத்தில், 2020-இல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியாவுடன் தனி உடன்பாடு செய்து சில விளக்கப்படங்களை மட்டும் வேறு உரிமத்தில் தர வேண்டியிருந்தது. பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் வந்தால், மாற்றியதையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்னும் சிசி பை எஸ்ஏ வரை இறங்கலாம். அதற்குக் கீழே இறங்குவதைவிடக் காத்திருப்பது நல்லது என்பது என் கருத்து. ஒருமுறை ‘என்சி’ என்று ஆணை வந்துவிட்டால் அதைத் திருத்தும் இன்னொரு கோப்பை யாரும் எடுக்க மாட்டார்கள்.

உரிமையை முற்றாக விட்டுவிடும் சிசி ஜீரோவும் உண்டு. தமிழுக்கு இதில் ஒரு முன்மாதிரி இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்களை, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ஒத்துழைப்போடு, விக்கிமீடியாவின் இணைய நூலகமான விக்கிமூலத்தில் 2,000-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் ஏற்ற முடிந்தது. அந்நூல்களின் தொடக்கத்தில் சிசி ஜீரோ உரிம அறிவிப்பு இருப்பதை இன்றும் காணலாம். நாட்டுடைமை என்ற ஏற்பாடு அதற்கு வெகு முன்பே இருந்தது. ஆனால் உலகெங்கும் ஒரே பொருளில் படிக்கப்படும் உரிமக் குறிப்பு ஒன்று வந்த பிறகே அந்நூல்களைப் பன்னாட்டுத் திட்டம் ஒன்று தயக்கமின்றி ஏற்றுக்கொண்டது.

ஐந்தாம் படி: கோப்பை நீங்களே எழுதிக் கொடுங்கள்

இவ்வழிகாட்டியின் மையம் இதுதான். பதிப்புரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும், உரிமையாளரோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ வழங்க வேண்டும். இயக்குநர் தொலைபேசியில் “தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்” என்று சொல்வது நல்லெண்ணம், உரிமம் ஆகாது. 19-ஆம் பிரிவின் ஐந்தாண்டு, இந்தியா என்னும் வரம்புகள் உரிமங்களுக்கும் பொருந்தும் என்று 30ஏ பிரிவு சொல்வதால், “பயன்படுத்த அனுமதிக்கப்படுகிறது” என்ற ஒற்றை வரிக் கடிதமும் நெடுங்காலத்துக்கு உதவாது. உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஆயத்த உரிமங்களின் அருமை இங்கே விளங்கும்.

தமிழ்நாட்டில் ஒரு துறைக்குள் கோப்பு நகரும் முறையை மனத்தில் கொள்ளுங்கள். துறைத் தலைவர், அதாவது இயக்குநர் அல்லது ஆணையர், செயலகத்துக்குக் கருத்துரு அனுப்புவார். செயலகத்தில் உதவிப் பிரிவு அலுவலர் குறிப்பு எழுத, அது பிரிவு அலுவலர், சார்புச் செயலர் என மேலேறும்; தேவைப்பட்டால் சட்டத் துறையின் கருத்தும் நிதித் துறையின் ஒத்திசைவும் பெறப்பட்டு, செயலரின் ஒப்புதலோடு அரசாணையாக வெளிவரும். இந்தச் சங்கிலியின் முதல் கண்ணி, வேலைப்பளு மிகுந்த ஒரு பிரிவில் உட்கார்ந்திருக்கும் எழுத்தர். கிரியேட்டிவ் காமன்ஸ் பற்றி அவர் கேள்விப்பட்டிராமல் இருக்கலாம், கேள்விப்பட்டிருக்க வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அவர் எழுத வேண்டிய குறிப்புக்கு உரிய எல்லாவற்றையும் உங்கள் மனுவே தந்துவிட வேண்டும்.

மனுவை அலுவலகக் கடித வடிவிலேயே அமையுங்கள். ‘பொருள்’ ஒரே வரியில் வெளியீட்டின் பெயரையும் உரிமத்தின் பெயரையும் சொல்லட்டும். ‘பார்வை’ என்ற தலைப்பின் கீழ், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நீங்கள் பெற்ற பதிலின் எண்ணும் நாளும், 2017-ஆம் ஆண்டு அரசிதழ் அறிவிப்பும், மாநிலம் 2022-இல் வெளியிட்ட தரவுக் கொள்கையும் இடம்பெறட்டும். முன்னுதாரணம் இருப்பதைக் காட்டாத கோப்பில் ஒப்பமிட யாரும் முதல் ஆளாக இருக்க விரும்புவதில்லை. மனுவின் உடற்பகுதியில் நான்கு பத்திகள் போதும்: வெளியீடு என்ன, உரிமை அரசிடமே உள்ளது என்பதற்கு ஆதாரம் என்ன, திறந்த உரிமத்தால் யார் என்ன செய்யப் போகிறார்கள், அரசுக்குச் செலவு உண்டா. இறுதியில் வரைவு ஆணையின் செயற்பகுதியை இணைப்பாகத் தாருங்கள். அது இப்படி இருக்கலாம்:

“மேற்கண்ட கருத்துருவினை அரசு கவனமாகப் பரிசீலித்து, அதனை ஏற்று, இத்துறையால் வெளியிடப்பட்டு இணைப்பில் கண்டுள்ள வெளியீடுகளின் மின்பதிப்புகளை, அவற்றில் மூன்றாம் தரப்பினருக்கு உரியவை எனக் குறிக்கப்பட்டுள்ள பகுதிகளும் அரசு இலச்சினையும் நீங்கலாக, கிரியேட்டிவ் காமன்ஸ் சிசி பை 4.0 பன்னாட்டு உரிமத்தின் கீழ் வெளியிட அனுமதி அளித்து ஆணையிடுகிறது. இவ்வுரிம அறிவிப்பினை ஒவ்வொரு வெளியீட்டின் உள்பக்கத்திலும் துறையின் இணையதளத்திலும் இடம்பெறச் செய்யுமாறு துறைத் தலைவர் அறிவுறுத்தப்படுகிறார்.”

தபால் பிரிவில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், பிறகு அலுவலகம் உங்கள் மனுவுக்கு இடும் கோப்பு எண்ணை (ந.க. எண்) கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத மனுவைத் தொடர முடியாது. நேரில் பார்க்கச் செல்லும்போது செயலரை மட்டும் பார்க்காமல், குறிப்பு எழுதப் போகும் பிரிவையும் பார்த்து ஐயங்களைத் தீர்த்துவிட்டு வருவது பெரிதும் பயன் தரும். காலமும் முக்கியம். ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை வரும் முன் ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பைத் தயாரித்து, புதிய அறிவிப்புகளைத் தேடிக்கொண்டிருக்கும். செலவே இல்லாத ஒரு புதிய அறிவிப்பு அந்த வாரங்களில் யாருக்கும் கசக்காது.

ஆறாம் படி: அச்சங்களுக்கு நேர்மையான பதில்களைத் தயாராக வைத்திருங்கள்

முதலில் எழுவது திரிபு பற்றிய அச்சம். நம் கையேட்டை மாற்றி, தவறான மருந்தளவைப் போட்டு, துறையின் பெயரில் பரப்பினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். சிசி பை 4.0 உரிமத்தின்படி மாற்றியவர் மாற்றியதைத் தெரிவிக்க வேண்டும். துறை அதை ஆதரிப்பதாகக் காட்டிக்கொள்ள உரிமம் இடம் தருவதில்லை. மாற்றிய வடிவிலிருந்து தன் பெயரை நீக்குமாறு துறை கோரலாம். நிபந்தனையை மீறினால் உரிமம் தானாகவே முடிவுக்கு வரும். தவிரவும், திரிப்பவன் இன்றும் அனுமதி கேட்டுத் திரிப்பதில்லை. அனுமதி முறை தடுத்து நிறுத்துவது ஒழுங்காகக் கேட்கும் ஆசிரியரை மட்டுமே.

இலச்சினை பற்றிய அச்சத்துக்குப் பதில் எளிது. பதிப்புரிமை உரிமம் இலச்சினையைத் தொடுவதில்லை, அதன் தவறான பயன்பாட்டைத் தடுக்க 1950, 2005 ஆண்டுகளின் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. பிழைக்கான பொறுப்பு பற்றிக் கேட்டால், உத்தரவாதம் எதுவும் இல்லை என்ற கூறு உரிமத்திலேயே இருப்பதைக் காட்டுங்கள்.

தனியார் இலாபம் பார்ப்பார்களே என்பது அடுத்தது. இதற்குப் பாரதியார் நூல்களைவிட நல்ல பதில் தமிழ்நாட்டில் கிடையாது. 1949-இல் சென்னை மாகாண அரசு அவருடைய படைப்புகளின் உரிமையைப் பெற்றது. பிற்பாடு அவற்றை யாரும் அச்சிடலாம் என்றானது. இன்று எந்தப் பதிப்பகமும் பாரதியார் கவிதைகளை அச்சிட்டு விற்கலாம், விற்கின்றன, இலாபமும் பார்க்கின்றன. அதன் விளைவு, மலிவுப் பதிப்பு எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கிறது என்பதே.

வாய்விட்டுச் சொல்லப்படாத அச்சம் கணக்குத் தணிக்கை பற்றியது. அரசின் சொத்தை இலவசமாகக் கொடுத்ததற்குப் பின்னாளில் தணிக்கை ஆட்சேபம் வந்தால் ஒப்பமிட்டவர் விளக்கம் சொல்ல வேண்டும். அதிகாரிகள் தயங்குவதற்கு இதுவே உண்மையான காரணம் என்று நினைக்கிறேன். மூன்றாம் படியில் வருவாய் விவரம் கேட்டது இதற்காகத்தான். “கடந்த ஐந்தாண்டுகளில் வருவாய் எதுவும் இல்லை” என்று துறையே எழுத்தில் தந்த பதில் உங்கள் மனுவின் பார்வையில் இருந்தால், வருவாய் இழப்பு இல்லை என்று குறிப்பு எழுதுவது எளிதாகிவிடும். வருவாய் உண்மையிலேயே இருக்கிறது என்றால், அச்சுப் பதிப்பின் விற்பனையைத் தொடாமல், பழைய பதிப்பையோ மின்பதிப்பையோ மட்டும் கேளுங்கள்.

ஒருமுறை வழங்கிய உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதை மறைக்காதீர்கள். அது உண்மை. துறை எந்நேரமும் வெளியிடுவதை நிறுத்தலாம், அடுத்த பதிப்பை வேறு உரிமத்தில் வெளியிடலாம். ஆனால் ஏற்கெனவே பெற்றவர்களின் உரிமை தொடரும். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு, அதனால்தான் ஒரே ஒரு வெளியீட்டோடு தொடங்குகிறோம் என்று விளக்குவது நம்பிக்கையை வளர்க்கும்.

ஏழாம் படி: ஆணை வந்த பின்

ஆணை கோப்பில் இருந்து பயனில்லை. உரிமக் குறிப்பு வெளியீட்டின் மேலேயே இருக்க வேண்டும். பிடிஎஃப் கோப்பின் இரண்டாம் பக்கத்தில் துறையின் பெயர், ஆண்டு, உரிமத்தின் பெயர், அதன் இணைய முகவரி, பிறருக்குரிய படங்களின் பட்டியல் ஆகியவை வரட்டும். இணையதளம் புதுப்பிக்கப்படும்போது பழைய பக்கங்கள் காணாமற்போவது வழக்கம் ஆகையால், அறிவிப்புப் பக்கத்தை, இணையப் பக்கங்களின் நகல்களைப் பாதுகாக்கும் இணைய ஆவணகத்தில் (Internet Archive) சேமித்து, ஆணையின் நகலையும் வைத்திருங்கள். விக்கிப்பீடியாவின் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றும்போது யாரேனும் ஐயம் எழுப்பினால் அவைதான் சான்று.

கோப்பின் வடிவத்தையும் கேட்டு வாங்குங்கள். துறைகளில் பல ஆண்டுகள் வானவில் போன்ற, யூனிகோட் அல்லாத எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டதால், பிடிஎஃப் கோப்பிலிருந்து உரையை நகலெடுத்தால் பொருளற்ற எழுத்துகளே வரும். சட்டப்படி திறந்திருந்தும் அத்தகைய கோப்பைத் தேடவோ, திருத்தவோ, கணினியால் படிக்கவோ முடியாது. எல்லாக் கணினிகளும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோட் உரையாக மாற்றித் தர ஆர்வலர்களே முன்வரலாம். பல துறைகள் அந்த உதவியை மகிழ்வோடு ஏற்கும். அட்டவணைகளைப் படமாகத் தராமல் கணினி வரிசை வரிசையாகப் படிக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாகத் தரச் சொல்லுங்கள். ஒளிப்படங்களுக்கு, எடுத்த இடமும் நாளும் உள்ள விவரப் பட்டியலும், படத்தில் அடையாளம் தெரியும் பயனாளிகள் இருந்தால் அவர்களின் இசைவும் தேவை.

பிறகு உடனே பயன்படுத்துங்கள். எந்தக் கட்டுரையில் படம் இடம்பெற்றது, எந்த அகராதியில் சொற்கள் சேர்ந்தன, எந்தப் பள்ளி கையேட்டைத் தழுவியது என்று ஒரு பக்க மடலாக எழுதித் துறைக்கு அனுப்புங்கள். அடுத்த கொள்கை விளக்கக் குறிப்பில் சேர்க்க ஒரு பத்தி அவர்களுக்குக் கிடைக்கும். அடுத்த வெளியீட்டுக்கான கருத்துருவை அவர்களே எழுதத் தொடங்கவும் கூடும்.

எட்டாம் படி: இனி வரும் ஒப்பந்தங்கள்

பழையவற்றை ஒவ்வொன்றாகத் திறப்பது நெடுங்காலப் பணி. புதியவற்றை உருவாகும்போதே திறந்தவையாக்க ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் ஒரு கூறு சேர்ந்தால் போதும். வெளியார் எழுதும், வரையும், படம்பிடிக்கும் அனைத்தின் பதிப்புரிமையும் முழுக் காலத்துக்கும் உலகம் முழுவதற்கும் அரசுக்கு எழுதித் தரப்படுகிறது, அரசு அதைத் திறந்த உரிமத்தில் வெளியிடலாம், ஒப்பந்ததாரர் சேர்க்கும் பிறருடைய பொருள்கள் அனைத்தையும் பட்டியலிட்டுத் தர வேண்டும் என்று அக்கூறு சொல்லட்டும். ஆசிரியர் பெயர் குறிப்பிடப்படும் என்பதையும் அதிலேயே எழுதுவது முறை. பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு படைப்பாளிக்குத் தரும் அந்த உரிமை, பதிப்புரிமை கைமாறிய பின்னும் அவரிடமே இருக்கிறது. காலத்தையும் நிலப்பரப்பையும் இப்படி எழுத்தில் குறித்துவிட்டால், மூன்றாம் படியில் கண்ட ஐந்தாண்டுச் சிக்கல் புதிய நூல்களுக்கு எழாது. தேர்ந்தெடுத்த துறை அடுத்து எந்தப் பணிக்கு ஒப்பந்தப்புள்ளி கோரப் போகிறது என்பதைத் தமிழ்நாடு அரசின் ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் பார்த்து, ஏலத்துக்கு முந்தைய கூட்டத்துக்கு முன்பாகவே இக்கூறின் வரைவைத் துறைத் தலைவருக்கு அனுப்பிவையுங்கள்.